மழையைக் காட்டாமலும் மழையைச் சொல்லலாம்

என் தாத்தாவைக் கவிஞர் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர் என்றுதான் சொல்வார்கள். இளமையில் அவர் எழுதிய பத்துப் பன்னிரண்டு கவிதைகள் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை நானும் பல்கலைக்கழக நண்பர்கள் மூவரும் சேர்ந்து கடந்த ஆண்டு மூன்று நிமிடக் குறும்படமாக எடுத்தோம்.

கவிதை எட்டே வரிதான். கம்பத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம். இரவில் மழை பெய்கிறது. தலைக்கு மேல் தகரக் கூரை இல்லாததால் மழைச் சத்தம் கேட்கவில்லை. விடிந்து கீழே பார்க்கும்போது தரை நனைந்திருப்பதைக் கண்டுதான் மழை பெய்தது தெரிகிறது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தகரக் கூரையுள்ள ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, மழைநாளில் போய்ப் படமெடுத்தோம். இணையத்திலிருந்து இடிச் சத்தத்தைச் சேர்த்தோம். அடியில் வயலின் இசையை ஓடவிட்டோம். ஆங்கிலத்தில் வசனவரிகளும் போட்டோம். பார்த்த நண்பர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

தாத்தாவுக்குக் கண் நீரழுத்த நோயால் பார்வை பெரிதும் மங்கிவிட்டது. அவரைப் பொறுத்தவரை அது கேட்கிற படம்தான். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மழ சத்தம் கேக்கலன்னுதாம்மா நான் எழுதினேன். நீங்க படம் பூரா மழைய ஊத்திட்டீங்களே,” என்றார்.

அன்று முதல் கவிதைக் குறும்படம் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் எனக்குள் எழுகிறது. இந்தப் படம் கவிதையைக் கேட்டதா, அல்லது அதிலுள்ள பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டதா?

நம் இளையர் எடுக்கும் கவிதைக் காணொளிகளில் பல, இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. வரியில் நிலா என்று வந்தால் திரையில் நிலா. கண்ணீர் என்று வந்தால் கன்னத்தில் ஒரு துளி. அம்மா என்று வந்தால் அடுப்படியில் ஒரு சேலை முந்தானை. இதற்குக் காரணம் நம் சோம்பல் இல்லை என்பது என் எண்ணம். பள்ளியில் கவிதையைப் பொருள் எழுதுவதற்காகவே படித்தோம். சொல்லுக்கு நேரே பொருள், வரிக்கு நேரே விளக்கம். அதே பழக்கத்தோடு கேமராவைக் கையில் எடுத்தால் திரையிலும் பதவுரைதான் வரும்.

உலகில் இந்தக் கலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1921ல் சார்ல்ஸ் ஷீலரும் பால் ஸ்டிராண்டும் வால்ட் விட்மனின் வரிகளை இடையிடையே வைத்து நியூயார்க் நகரத்தை ‘மன்ஹாட்டா’ என்ற குறும்படமாக்கினார்கள். பிரிட்டிஷ் அஞ்சல்துறையின் படப்பிரிவு 1936ல் ‘நைட் மெயில்’ என்ற படத்தை வெளியிட்டது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கடிதங்களைச் சுமந்து செல்லும் இரவு ரயில்தான் கதாநாயகன். அதன் இறுதிச் சில நிமிடங்களுக்காகக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் கவிதை எழுதினார், பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார். ரயில் மேட்டில் ஏறும்போது மெதுவாகவும், இறங்கும்போது வேகமாகவும் வரிகள் ஓடும். ரயிலைப் பற்றிய கவிதை என்பதைவிட ரயில்போல ஓடும் கவிதை என்று சொல்வதே பொருத்தம். படத்தின் நடையிலிருந்து கவிதை பிறந்தது. நாம் அதைத் திருப்பிச் செய்யலாம். கவிதையின் நடையிலிருந்து படம் பிறக்கட்டும்.

என்னை மிகவும் பாதித்த படம் ஈரானியக் கவிஞர் ஃபரோக் ஃபரோக்ஸாத் இயக்கிய ‘வீடு இருண்டிருக்கிறது’. தப்ரீஸ் நகருக்கு அருகே தொழுநோயாளிகள் வாழ்ந்த ஒரு குடியிருப்பில் 1962ல் எடுக்கப்பட்டது. ஓடும் நேரம் ஏறக்குறைய 20 நிமிடம். தம் கவிதையை அவரே வாசிக்கிறார். ஓரிடத்தில் ஒரு மனிதர் சுவரோரமாக அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கிறார். குரல் கிழமைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. சோகம் என்ற சொல்லும் இல்லை, சோக இசையும் இல்லை. ஆனால், அந்த மனிதரின் நாள்கள் எப்படிக் கழிகின்றன என்பது நமக்கு வலிக்க வலிக்கப் புரிந்துவிடுகிறது. குரல் சொல்வதைப் படம் காட்டவில்லை. படம் காட்டுவதைக் குரல் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் கவிதை இருக்கிறது.

இதை நாம் வெளியிலிருந்துதான் கற்கவேண்டும் என்பதில்லை. குறுந்தொகையில் 401 பாடல்கள் உள்ளன. பெரும்பாலானவை நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் முடிந்துவிடும். நிலமும் பொழுதும் முதற்பொருள். பறவை, விலங்கு, மரம் எல்லாம் கருப்பொருள். மனத்தில் நிகழ்வது உரிப்பொருள் என்று இலக்கிய வகுப்பில் மனப்பாடம் செய்தோம். மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால், அது ஒரு படத்தொகுப்பாளரின் பாடம் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. நெய்தல் பாடல்களில் கடற்கரையும் மாலைப்பொழுதும் ஒரு நாரையும் போதும்; தலைவியின் ஏக்கத்தைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. ரஷ்ய இயக்குநர் செர்கே ஐசன்ஸ்டைன் 1929ல் எழுதிய கட்டுரையில், இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்து மூன்றாவது பொருளை உண்டாக்கும் தம் முறைக்கு ஜப்பானிய ஹைக்கூவை எடுத்துக்காட்டினார். குறுந்தொகையிலும் அவருக்கு ஏராளமான எடுத்துக்காட்டுகள் கிடைத்திருக்கும்.

கவிதையைப் படமாக்கவே கூடாது என்று சொல்வோரும் உண்டு. “வாசிப்பவர் மனத்தில் ஆயிரம் படம் விரியும், நீங்கள் ஒன்றைக் காட்டி மற்றதை எல்லாம் அழித்துவிடுவீர்கள்,” என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் கூறினார். எங்கள் முதல் படத்தை நினைத்துப் பார்க்கும்போது அவர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது. ஆனாலும், புத்தகத்தைத் திறக்காதவர்களிடமும் கவிதையைக் கொண்டுசென்றது திரைதான். 1947ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியின் பாடல்கள் ஒலித்தபோது, அவர் நூலைத் தொட்டுப் பார்த்திராத எத்தனையோ பேர் அவற்றைக் கேட்டார்கள். இன்று என் வயதினர் கையில் புத்தகத்தைவிடத் திறன்பேசி இருக்கும் நேரமே அதிகம். அந்தக் கதவை அடைத்துவிட்டு, “இளையர் கவிதை படிப்பதில்லை” என்று வருந்துவதில் பயனில்லை.

ஆகவே, படமெடுங்கள். ஆனால், எங்களைப்போல் எடுக்காதீர்கள். எங்கள் தவற்றிலிருந்து நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், கேமராவைத் தொடும் முன் கவிதையை உரக்க வாசியுங்கள். ஒருமுறை வாசித்தால் போதாது, பத்து முறை வாசியுங்கள். எங்கே மூச்சு நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு எதைக் காட்டக்கூடாது என்று ஒரு பட்டியல் போடுங்கள். எங்கள் பட்டியலின் முதல் சொல்லாக ‘மழை’ இருந்திருக்கவேண்டும்.

அடுத்து, இசையைக் குறையுங்கள். கவிதைக்கு ஏற்கெனவே ஓசை உண்டு. அதன்மேல் வயலினை ஏற்றினால் இரண்டில் ஒன்று தோற்கும். தோற்பது பெரும்பாலும் கவிதைதான்.

மூன்றாவது, வசனவரிகள். தமிழ் தெரியாத என் சீனத் தோழி எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, “எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விட்டது,” என்றாள். இருமொழியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். மொழிபெயர்ப்பைக் கடைசி இரவில் அவசரமாக ஒட்டும் வேலையாக நினைக்காமல், படத்தின் ஒரு பகுதியாகவே கருதவேண்டும். நீண்ட வரியைக் குறைக்கலாம், காட்சியை இன்னும் சில விநாடிகள் நிறுத்தலாம், எழுத்தே இல்லாமல் குரலை மட்டும் கேட்கவிடலாம்.

நான்காவது, அனுமதி. சிங்கப்பூரில் எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள்வரை அவருடைய படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. அதைத் தடையாக நினைக்காமல் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். நம் கவிஞர்களில் பலர் நம் அக்கம்பக்கத்திலேயே வாழ்கிறார்கள். அனுமதி கேட்கப் போகும்போது அவர்கள் குரலையும் பதிவுசெய்து வாருங்கள். வேறு எந்தப் பின்னணிக் குரலும் அதற்கு ஈடாகாது. பதிவுசெய்யாமல் விட்டால் பின்னாளில் எங்கே தேடுவது?

தமிழ்மொழி விழாவை ஒட்டி ஏப்ரல் மாதத்தில் போட்டிகள் நடத்தும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். காணொளிப் போட்டி வைத்தால், படத்தின் பளபளப்புக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, “இந்தக் கவிதையை ஏன் இப்படிக் கேட்டீர்கள்?” என்ற கேள்விக்கு மாணவர் சொல்லும் பதிலுக்குக் கொடுங்கள். விலையுயர்ந்த கேமரா இல்லாத மாணவரும் வெல்ல வழி பிறக்கும்.

நாங்கள் படத்தை மீண்டும் எடுத்தோம். இம்முறை மழை இல்லை, இடி இல்லை, வயலின் இல்லை. இருட்டறை, மின்விசிறிச் சத்தம், தாத்தாவின் குரல். கடைசியில் மேல்மாடியிலிருந்து தெரியும் ஈரத் தரை. அவ்வளவுதான்.

தாத்தா கேட்டார். தலையை ஆட்டினார். “இப்ப சரியா இருக்கும்மா. ஆனா, அந்த மின்விசிறி அப்ப எங்கக்கிட்ட இல்ல. அத வாங்க ரெண்டு வருஷம் ஆச்சு,” என்றார்.

மூன்றாவது முறையும் எடுக்கப்போகிறோம். அதற்கு முன் அந்தக் கணக்குப் புத்தகத்திலுள்ள மற்றக் கவிதைகளையும் அவர் குரலில் பதிவுசெய்துவருகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள். எழுதியவர் அருகில் இருந்தால், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேமராவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.