முதல் மொழி, முதல் பிழை

ஐந்தும் ஐந்தும் ஐம்பத்தைந்து. பைத்தான் வகுப்பின் முதல் வாரத்தில் இந்தக் கணக்கைப் பார்க்காத கணினி ஆசிரியர் குறைவு. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னால், மாணவி 5, 5 என்று தட்டுகிறார். திரையில் 55 வருகிறது. இன்புட் எதை வாங்கினாலும் சரமாகவே தரும். கூட்டல் குறியோ இரண்டு சரங்களையும் ஒட்டிவிட்டது. இன்ட் சேர்த்தால் 10 வந்துவிடும். ஆனால் அதற்கு முன் அவர் கேட்கும் ‘ஏன்?’ என்பதிலேயே தரவினம் பற்றிய பாடம் தொடங்கிவிடுகிறது.

சி++-இல் இந்த 55 வராது. மாறியை இன்ட் என்று முதலிலேயே அறிவித்தாக வேண்டும். எதற்காக என்று தெரியாமலேயே மாணவி அறிவிக்கிறார். ஐஓஸ்ட்ரீம், நேம்ஸ்பேஸ், மெயின் எல்லாமே அவருக்கு அப்படித்தான். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால், கம்பைலர் பல நேரம் அடுத்த வரியைக் காட்டும். பிழையே இல்லாத அந்த வரியை உற்றுப் பார்த்தபடி ஆய்வக நேரம் கரைந்துபோகும்.

முதல் மொழிக்கான தேடல் பழையது. அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்றுதான் 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கை உருவாக்கினார்கள். கற்பித்தலை மனத்தில் வைத்து 1970-இல் நிக்லாஸ் விர்த் பாஸ்கலைத் தந்தார். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி கணினி அறிவியல் தேர்வு 1984-இல் அந்தப் பாஸ்கலில்தான் தொடங்கியது. 1999-இல் சி++-க்கும், அடுத்த சில ஆண்டுகளிலேயே ஜாவாவுக்கும் மாறியது.

தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல் ப்ளஸ் ஒன்னில் சி++-ஐ வைத்தது. அடுத்த ஆண்டு ப்ளஸ் டூ நூல் பைத்தானை வைத்தது. சடங்கு மிகுந்த மொழி முதலில், எளிய மொழி பிறகு.

இந்த வரிசையைத் திருப்ப வேண்டும் என்பதே இவ்விதழின் நிலை. 55-ஐப் பார்த்துவிட்டு வரும் மாணவிக்கு, சி++-இன் இன்ட் அறிவிப்பு ஏற்கெனவே பட்ட சிக்கலுக்கான விடையாகத் தெரியும். பைத்தானுக்கும் குறை உண்டு: உள்தள்ளலில் ஓர் இடைவெளி பிசகினாலும் நிரல் நின்றுவிடும். ஆனால் அந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியும்.

பாடத்திட்டம் மாறும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ப்ளஸ் ஒன் ஆய்வகத்தின் முதல் இரண்டு வகுப்புகளைப் பைத்தானுக்கு ஒதுக்கலாம். கூட்டல் நிரலில் இன்ட் இல்லாமலேயே தொடங்கி, 55 வரும்வரை விட்டுவிடலாம்.