உலகம் அழிந்தாலும் பல் மட்டும் பளிச்

விக்தோர் ஹ்யூகோ 1862-ல் வெளியிட்ட 'லே மிசெராப்ள' நாவலில் ஃபாந்தீன் என்ற ஏழைத் தாய், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்த பொய்க் கடிதத்தை நம்பி, மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் விற்கிறாள். கிடைத்தது 40 பிராங்க். 2012-ல் அது ஆங்கிலப் படமாக வந்தபோதும் பல் விற்கும் காட்சி இருந்தது. ஆனால் பிடுங்கப்பட்டது கடைவாய்ப் பல். அந்த வேடத்தில் நடித்த ஆன் ஹாத்தவே தன் கூந்தலை நிஜமாகவே வெட்டிக்கொண்டார், உடம்பை வற்ற வைத்தார், ஆஸ்கர் விருதும் வாங்கினார். முன்வரிசைப் பல்லில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் பல் பிடுங்கியே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மகளோடு உட்கார்ந்து வெளிநாட்டுத் தொடர்கள் பார்க்கிறேன். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், என் கண் நேரே வாய்க்குள் போய்விடும். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரில் 2003-ல் ஒரு பூஞ்சைக் கொள்ளைநோய் உலகத்தைக் கவிழ்க்கிறது. கதை நடப்பது அதற்கு 20 ஆண்டுகள் கழித்து. சட்டையில் அழுக்கு, நகத்தில் மண், முகமெல்லாம் தழும்பு. வாயைத் திறந்தால் நேற்றுதான் ஸ்கேலிங் செய்துகொண்டு வந்தவர்களைப் போல இருக்கிறார்கள். "அம்மா, கதையைப் பாருங்கள்" என்கிறாள் மகள். நான் பார்ப்பதும் கதையைத்தான்.

கெட்ட பல் திரையில் வராமல் இல்லை. வில்லனுக்கு வரும், பிச்சைக்காரனுக்கு வரும், சூனியக்காரக் கிழவிக்கு வரும். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்தில் இம்மார்ட்டன் ஜோவின் முகமூடியில் குதிரைப் பற்களையே பதித்திருந்தார்கள். பல்லை வைத்தே ஆள் கெட்டவன் என்று சொல்லிவிடுகிற சுலபமான வேலை இது. நல்லவனுக்கும் அரசனுக்கும் முத்துப்பல், ஏழைக்குச் சொத்தைப் பல். வரலாறு பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் வைத்திருந்தது.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தை எடுத்துக்கொள்வோம். 1598-ல் அவரை நேரில் பார்த்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், ராணியின் பற்கள் கறுத்திருந்ததாகவும், சர்க்கரையை அளவு மீறித் தின்பதால் ஆங்கிலேயருக்கு வரும் குறை அது என்றும் எழுதிவைத்தார். அப்போது சர்க்கரை பணக்காரர் வீட்டுப் பண்டம். அதற்கு 20 ஆண்டுகள் முன்பு, 1578-ல், பல்வலியில் துடித்த ராணி பிடுங்கச் சம்மதிக்கவில்லை. லண்டன் பிஷப் ஜான் எய்ல்மர் முன்வந்து, தன் பல் ஒன்றை ராணியின் கண்ணெதிரே பிடுங்கிக் காட்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார் என்பது பதிவு. ஸ்பானியக் கப்பற்படைக்கு அஞ்சாதவர் என்று படமெடுத்தவர்கள் இந்தப் பயத்தை எப்படிக் கைவிட்டார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. பிரான்சின் பதினான்காம் லூயி கதை இன்னும் கொடுமை. 1685-ல் அவருக்கு மேல்பற்களைப் பிடுங்கியவர்கள் அண்ணத்தையும் சேர்த்து உடைத்துவிட்டார்கள். குடித்த திரவம் மூக்கு வழியாக வந்தது. ஓட்டையை அடைக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். மரப்பு ஊசி என்று ஒன்றை எவரும் கனவிலும் காணாத காலம்.

சர்க்கரை எட்டாத சனங்களின் பல் பெரும்பாலும் அழுகவில்லை, தேய்ந்தது. பண்டைய எகிப்தில் மாவில் கலந்த மணலும் கல்துகளும் பற்களை அரைத்தே தின்றன. இரண்டாம் ராம்சேஸின் உடலில் தேய்ந்த பற்களும் தாடையில் சீழ்க்கட்டியின் தடமும் இருக்கின்றன. தானியம் தின்னத் தொடங்கியவர்களுக்குச் சொத்தையும் இருந்ததுதான். ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டு பழைய ஏட்ஸி மனிதனுக்குப் பூச்சிப்பல்லும் ஈறு நோயும் உண்டு. ஆனாலும் வாய் முழுக்க அடுக்கடுக்காகச் சொத்தை என்பது சர்க்கரை மலிந்த பிறகு வந்த கதை. உமிக்கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்த பாட்டிகளை என் நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன். பல் பாதியாகத் தேய்ந்திருக்கும், சொத்தை ஒன்றோ இரண்டோதான். கூட வந்த பேரனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் நாலும் ஓட்டையாக இருக்கும்.

நம் சரித்திரப் படக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு, அதாவது எங்கள் தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயலுக்கு, வந்த மார்க்கோ போலோ, இங்கே எல்லோரும் எந்நேரமும் வாயில் ஓர் இலையைக் குதப்பிக்கொண்டே இருப்பதை எழுதினார். 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் வெற்றிலையைப் புகழ்ந்து தள்ளினார். அப்படிப்பட்ட ஊரில் மன்னன், தளபதி, அந்தப்புரத்து மகாராணி எல்லோர் பல்லிலும் செங்கறுப்புக் கறை இருந்திருக்க வேண்டாமா? அதை யாரும் அசிங்கமாக நினைத்திருக்க மாட்டார்கள். ஜப்பானில் மேட்டுக்குடியினர் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதே அழகு என்று இருந்தார்கள். மெய்ஜி அரசு 1870-ல் பிரபுக்களுக்கு அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது. நம் படத்தில் தாம்பூலத் தட்டு வருகிறது, தாம்பூலம் போட்ட வாய் வருவதில்லை.

சர்க்கரை அரண்மனையை விட்டு இறங்கிக் கூலிக்காரன் வீட்டுக்கு வந்ததில் நம் ஆட்களின் உழைப்பும் உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. அதில் போனவர்களும் பின்னால் போனவர்களும் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் முதுகு ஒடிய வெட்டினார்கள். உலகெங்கும் இப்படி அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளும் வெட்டிய கரும்பால் சர்க்கரை மலிந்தது, ஏழை ஆங்கிலேயன் தேநீரிலும் ஜாமிலும் அதைத் தின்று தீர்த்தான். நூற்றாண்டின் கடைசியில் போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, பல் சரியில்லை என்றே பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ராணுவ பிஸ்கட்டைக் கடிக்க முடியாதவன் எப்படிச் சண்டை போடுவான்? பிறகு பல்லைக் காப்பாற்றும் நம்பிக்கையே போய், கல்யாணப் பரிசாகப் பெண்ணுக்கு எல்லாப் பல்லையும் எடுத்துப் பல்செட்டு கட்டிக்கொடுக்கும் வழக்கம்கூட அங்கே சில இடங்களில் இருந்தது. 1968-ல் கணக்கெடுத்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. எந்தப் பேரழிவும் நடக்காத நாட்டில்!

பல் போனவன் அடுத்தவன் பல்லைத் தேடுவான். ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றபோது அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், மனிதப் பற்கள் போன்றவைதான் அவருடைய பல்செட்டுகளில் இருந்தவை. அவருடைய 1784-ம் ஆண்டுக் கணக்கில், கறுப்பின மக்களிடம் 9 பற்கள் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அந்தப் பற்கள் யார் வாயில் ஏறின என்று கணக்கு சொல்லவில்லை. விற்றவர்களுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்பதைச் சொல்லத் தேவையே இல்லை. 1815-ல் வாட்டர்லூ களத்தில் செத்துக் கிடந்த இளைஞர்களின் வாயிலிருந்து பல் பிடுங்கி லண்டன் பல்செட்டு வியாபாரிகளுக்கு விற்றார்கள். அழிவுக்குப் பிந்தைய உலகத்தில் பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் அடித்துக்கொள்வதாக எத்தனையோ கதைகள். பல் வியாபாரத்தை எழுதத் துணிந்த ஒன்று இதுவரை என் கண்ணில் படவில்லை.

சரி, நிஜமாகவே உலகம் கவிழ்ந்தால் பல் என்ன ஆகும்? எல்லோரும் பயப்படுவது பிரஷும் பேஸ்ட்டும் இல்லாமல் பல் கொட்டிப்போகும் என்று. நான் அதற்குப் பயப்படவில்லை. சர்க்கரை ஆலை நின்றால் சொத்தையும் குறையும். ஜப்பானில் போருக்கு முன் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 கிலோவாக இருந்த சர்க்கரை 1946-ல் 0.2 கிலோவாகச் சரிந்தது, குழந்தைகளின் பற்சொத்தையும் கூடவே இறங்கியது. போர்க்கால நார்வேயிலும் இதேதான். தென் அட்லாண்டிக்கில் தன்னந்தனியாகக் கிடக்கும் டிரிஸ்டன் ட குன்யா தீவுக்கு 1937-ல் போன நார்வே ஆய்வுக்குழு, உருளைக்கிழங்கும் மீனும் தின்று வாழ்ந்த அந்த மக்களின் பற்களைப் பார்த்து அசந்துபோனது. பிறகு ஆலை வந்தது, கடை வந்தது, மிட்டாய் வந்தது, பல்லும் போனது. ஆகவே, பேரழிவுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு நல்ல பல் இருப்பதாகக் காட்டினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

மாட்டிக்கொள்வது நாம்தான். ரூட் கேனால் பாதியில் நிற்கும் பல், கேப் கழன்ற பல், அடைப்புக்குக் கீழே கமுக்கமாக அழுகும் பல், இவற்றோடு அந்த உலகத்துக்குள் நுழையப்போகிறவர்கள் நாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால் நாக்குக்குக் கீழே இரு பக்கமும் கல்லுப்போல் வீங்கும். நாக்கு மேலெழும்பி மூச்சுக்குழலை அடைக்கும். 1836-ல் இதை விவரித்த லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் செத்தார்கள். என் இரவுப் பணியில் ஒரு லாரி ஓட்டுநர் இப்படி வந்தார். எச்சில் விழுங்க முடியாமல், படுக்க முடியாமல், குனிந்து உட்கார்ந்தபடியே. வீட்டில் சூட்டு வீக்கம் என்று நினைத்து ஒத்தடம் கொடுத்திருந்தார்கள். முன்பே பிடுங்கியிருக்கலாமே என்று கேட்டதற்கு அவர் மனைவி சொன்ன பதிலை இன்னும் பலரிடம் கேட்டிருக்கிறேன்: "பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்னாங்க டாக்டரம்மா." கண்ணுக்கும் பல்லுக்கும் அப்படி ஒரு தொடர்பும் கிடையாது. நல்லவேளை, தாடைக்கடியில் கீறிச் சீழை வடித்ததும் பிழைத்தார்.

டப்பா உணவையே தின்று திரியும் நாயகர்களுக்கு இன்னொரு ஆபத்து ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் ஈறு பஞ்சுபோல் வீங்கி, சொத்தையே இல்லாத நல்ல பல்லும் ஆடும். ஜேம்ஸ் லிண்ட் 1747-லேயே கப்பலில் 12 மாலுமிகளை வைத்து ஆரஞ்சும் எலுமிச்சையும் இதைத் தீர்க்கும் என்று காட்டிவிட்டார். முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் ஊசியிலைகளை ஊறவைத்த கஷாயம் குடித்தார்கள். துப்பாக்கிக் குண்டை எண்ணி எண்ணிக் காட்டும் தொடர்களில் ஒருத்தராவது ஒரு நெல்லிக்காயைத் தேடிப் போகக் கூடாதா?

எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தாமஸ் மன்னின் 'புடன்புரோக்ஸ்' நாவலில் ஊரே மதிக்கும் செல்வந்தர் தாமஸ், பல் வைத்தியரிடமிருந்து திரும்பும் வழியில் தெருச் சேற்றில் குப்புற விழுந்து, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செத்துப்போகிறார். 'அன்னா கரேனினா'வின் கடைசிப் பகுதியில் போருக்குப் போகும் விரான்ஸ்கிக்குப் பல்வலி. பேசக்கூட முடியாமல் நிற்கிறான். அன்னா செத்த துயரத்தையும் பல்வலியையும் ஒரே ஆளின் மேல் ஏற்றி வைக்க டால்ஸ்டாய்க்குத் துணிச்சல் இருந்தது. திரையில் நான் மதிப்பது 'காஸ்ட் அவே' (2000). ஊரில் இருந்தபோதே வலித்த பல்லைத் தீவில் டாம் ஹாங்க்ஸ் ஒரு பனிச்சறுக்குக் காலணியின் கத்தியை வைத்துக் கல்லால் அடித்துத் தெறிக்க வைத்து மயங்கி விழுகிறார். முறை தப்பு. பயம் சரி.

அடுத்தமுறை யாராவது எழுதினால் முறையையும் சரியாக எழுதட்டும். நூலைக் கட்டிக் கதவைச் சாத்துவது பால் பல்லுக்கு மட்டும்தான். கடைவாய்ப் பல்லை முதலில் வெளியே இழுக்கவே கூடாது. கொறட்டின் அலகு ஈறுக்குள் இறங்கும்படி வேர் நோக்கி அழுத்திப் பிடித்து, கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் மெதுவாக அசைத்து அசைத்துக் குழியை அகலப்படுத்த வேண்டும், அதன் பிறகு அதுவே கையோடு வரும். அவசரப்பட்டால் வேர் உள்ளே முறியும். மரப்பு ஊசி இல்லாத உலகத்தில் கிராம்புத் தைலம் கொஞ்சம் தாங்கும், சாராயம் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். ஆகவே தலையைப் பிடிக்க ஒருத்தர், கையைப் பிடிக்க ஒருத்தர் வேண்டும். முடிந்ததும் சுத்தமான துணியை மடித்து அரைமணி நேரம் கடிக்கச் சொல்லுங்கள். அன்று முழுக்க வாய் கொப்பளிக்க விடாதீர்கள், குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிடும். படக்குழுவுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் கேட்கலாம். புதன்கிழமை காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்.