பள்ளிக்கு மினாரா, கொப்பிக்குக் கறையான்

சென்ற வருடம் நோன்புக்கு முந்திய வாரம். எங்கள் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் விடயம் அந்தப் பள்ளியோடு முடிந்துவிடும். பின்னறையைக் காலியாக்கி உடைந்த நாற்காலி, பழைய பாய், மண்ணெண்ணெய் விளக்கு எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்திருந்தார்கள். குவியலின் அடியில் கட்டுக்கட்டாகக் கொப்பிகள். தூசி தட்டிப் பார்த்தேன். குடிவாரியாகப் பள்ளிக்கு வரி கொடுத்தவர்களின் இடாப்பு, ஜனாஸாச் செலவுக் கணக்கு, காவின் எழுதும்போது வைத்துக்கொண்ட குறிப்புகள். சிலவற்றின் முதுகைக் கறையான் தின்றிருந்தது. வேலைக்கு நின்ற பொடியன் தீப்பெட்டியோடு வந்தான்.

"என்னத்துக்கு காக்கா இது? மௌத்தாப்போன ஆக்கள்ர கொப்பிய வெச்சி என்ன செய்யப்போறீங்க?"

அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. இருபது வயது. நம்பிக்கையாளர் சபையில் இருக்கும் அறுபது வயதுக்காரரும் பிறகு அதே கேள்வியைத்தான் கேட்டார், கொஞ்சம் நல்ல தமிழில்.

ஒன்பது கொப்பிகளைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்தக் கரையில் இப்படி எத்தனை பின்னறைகள் இருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு தூங்கவிடவில்லை. இரும்பு அலுமாரி இரண்டு, நல்ல ஸ்கேனர் ஒன்று, படித்த பிள்ளை ஒருவருக்கு ஒரு வருடச் சம்பளம். இவ்வளவுதான் கணக்கு. பற்றுச்சீட்டுப் புத்தகம் அடித்துக்கொண்டு மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினேன். சேர்ந்தது முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. அதில் ஐயாயிரம் என் மச்சினன் தந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பதே வெட்கம். அதே பள்ளியின் மினாராவுக்கு மாபிள் பதிக்க ஒரே இரவுப் பயானில் எத்தனை இலட்சம் சேர்ந்தது என்று ஊர் அறியும்.

மாபிளுக்குக் கொடுத்தவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால், கொப்பிக்கு இல்லை என்று கைவிரித்தவர்கள் சொன்ன நியாயங்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

வம்சம் தேடுவது ஜாஹிலிய்யத்துப் பெருமை என்றார் ஒரு ஹஸ்ரத். பெருமைக்குத் தேடினால் அப்படித்தான். ஆனால் உறவைச் சேர்ந்து நடப்பதற்கு வேண்டிய அளவு வம்சத்தை அறிந்துகொள்ளச் சொல்லும் ஹதீஸ் திர்மிதியில் இருப்பதை அவர் அறியாதவரல்ல. அனந்தரச் சொத்துப் பங்கிட உறவுமுறை தெரியாமல் முடியுமா? யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று ஆள் ஆளாக அடுக்கி, ஒவ்வொருவரின் பிறப்பு, ஊர், மௌத்து, நாணயம் வரை விசாரித்து, அஸ்மாஉர் ரிஜால் என்று ஒரு கலையையே வளர்த்த உம்மத்து இது. அந்த உம்மத்தின் பள்ளியில் பெயர் எழுதிய கொப்பிக்குத் தீ வைக்கலாமாம்.

இன்னொருவர் அரசியல் பேசினார். "எங்கட வரலாறு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. செனரத் மன்னன் குடியேத்தினது." சரி. 1626இல் போர்த்துக்கேயர் விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று நாம் வெளியிடும் சிறப்பு மலரிலெல்லாம் இருக்கிறது. ஒரு மலரைப் பார்த்து மறு மலர் எழுதுகிறது. அந்த நாலாயிரம் பேரில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? அவர்களுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்த நம்மவர் எவரையாவது தெரியுமா? வந்தேறிகள் என்று யாராவது சொன்னால் நமக்கு ரோசம் வருகிறது. ரோசத்தைக் காணிப் பிணக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. அங்கே கேட்பது காகிதம்.

காகிதம் போனால் என்ன ஆகும் என்பதைக் கடல் ஒருமுறை காட்டியது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரமாக இருந்த வீடுகள் அத்திவாரத்தோடு போயின. மிஞ்சியவர்கள் உறுதி இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல், தாங்கள் யார் என்று நிரூபிக்க வரிசையில் நின்றார்கள். அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிந்தது. அதற்கு முன் நாம் மட்டக்களப்போடு இருந்தவர்கள். வயது போனவர்களின் தாள்களுக்கு அங்கேயும் இங்கேயும் அலைந்தது இன்னும் நினைவிருக்கிறது.

என் சாச்சியும் அவவின் இரண்டு பெண்பிள்ளைகளும் அன்று போனார்கள். தப்பிய மகன் இப்போது கத்தாரில். போன வருடம் தொலைபேசியில் கேட்டான்: "காக்கா, மூத்தம்மாட உம்மாட பேர் என்ன? மகள் கேக்காள்." எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்கள் என்று இருப்பது இப்போது நான்தான்.

இங்கேதான் நம்முடைய தனிச் சிக்கல். நம் குடி தாய்வழி. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. வரிசைநாச்சி குடி, பொன்னாச்சி குடி என்று பெண்ணின் பெயரிலேயே குடி உண்டு. மகளுக்கு வீடு, மருமகன் வந்து குடியிருப்பான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை ஆராய அக்கரைப்பற்றில் வந்து தங்கி, 2008இல் பெரிய புத்தகமே வெளியிட்டார். ஆனால் நம் தாள்கள் தந்தைவழி. பெயருக்கு முன்னெழுத்து வாப்பாவுடையது. முஸ்லிம் விவாகங்களைப் பதிய 1886இலும் 1929இலும் கட்டளைச் சட்டங்கள் வந்தன, பிறகு 1951இன் சட்டம் வந்தது. காவினில் வலிகாரர் ஒப்பமிடுவார், மணப்பெண்ணின் ஒப்பம் கேட்கப்படவில்லை. குடி உம்மாவைப் பிடித்திருக்க, காகிதம் வாப்பாவைப் பிடித்திருக்க, இரண்டு தலைமுறையில் உம்மாவின் உம்மா காணாமல் போகிறாள். பெயருக்கு நேரே குடியையும் எழுதிவைத்தவை பள்ளியின் இந்த வரிக் கொப்பிகள்தான்.

மூத்தம்மாவின் காவின் குறிப்பு நாலாவது கொப்பியில் கிடைத்தது. வாப்பாவின் பெயர், மஹர், கைக்கூலி, சாட்சிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. உம்மாவின் பெயர் இல்லை. ஏழாவது கொப்பியில், குடி வரி இடாப்பில், அவவின் பெயர் இருந்தது. புருஷன் மௌத்தான பிறகு வரி அவவின் பேரில் விழுந்திருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர் ஏட்டில் ஏற அவள் கைம்பெண்ணாக வேண்டியிருந்தது. பெயரைக் கத்தாருக்கு எழுதி அனுப்பினேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

வேறு சமூகங்கள் என்ன செய்தன? எண்ணிக்கையில் நம்மைவிட மிகச் சிறியவர்களான பறங்கியர் 1908இலேயே டச்சுப் பறங்கியர் ஒன்றியம் அமைத்து, தங்கள் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளியை அச்சிட்டுவைத்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்திலிருந்து 2005இல் 'நூலகம்' இணையத்தில் எழுந்தது. தன்னார்வலர்களின் உழைப்பு, புலம்பெயர்ந்தோரின் நன்கொடை. நம்மவரின் நூல்களும் இதழ்களும் கூட அங்கே ஏறியிருக்கின்றன. அவர்கள் செய்வார்கள்தானே என்று நாம் சாய்ந்துகொள்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நம்மிடமும் சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் இருந்தார், முஸ்லிம்களின் நூல்களையெல்லாம் தேடித் திரட்டி 'சுவடி ஆற்றுப்படை' என்று தொகுதி தொகுதியாகத் தந்தார். அவரைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினோம். பின்னால் யாரும் நடக்கவில்லை.

வெளிநாட்டுப் பணம் உண்டு என்கிறார்கள். உண்மைதான். பிரித்தானிய நூலகம் 2004 முதல் ஆபத்திலுள்ள ஆவணங்களைப் படியெடுக்க உதவி வழங்குகிறது. அமெரிக்காவின் மோர்மன் திருச்சபை 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளைப் படியெடுத்து வருகிறது. அவர்களின் நோக்கம் அவர்களின் மார்க்கத்தோடு பிணைந்தது. எவரிடமும் கைநீட்டுவதற்கு முன் எங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியலாவது நம் கையில் வேண்டும். மூலப் பிரதி ஊரைவிட்டு அசையக்கூடாது.

மானம் போய்விடும் என்ற பயத்தை மட்டும் நான் மதிக்கிறேன். தலாக், கைக்கூலித் தகராறு, வளர்ப்புப் பிள்ளை எல்லாம் இந்தக் கொப்பிகளில் உண்டு. அண்மைய எழுபது வருடத்தைப் பூட்டிவையுங்கள். உரியவர் கேட்டால் மட்டும் திறவுங்கள். அதற்காகத்தான் அலுமாரிக்குத் திறப்புக் கேட்கிறேன்.

பணத்துக்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஸக்காத்தை இதற்குக் கேட்கவில்லை, அது போகவேண்டிய இடம் வேறு. ஸதகா போதும். குடி மரைக்கார்கள் வீடு வீடாகப் போய் வரி எடுத்த ஊர் இது. உம்மா சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியை மதரஸாவுக்கென்று வேறு முட்டியில் போட்டது என் கண்ணில் நிற்கிறது. களவெட்டியில் நெல்லை அளக்கும்போதே பள்ளிக்கு ஒதுக்கிய போடிமார் இருந்தார்கள். ஒவ்வொரு குடியும் தன் கொப்பிக்குத் தானே கொடுக்கட்டும். தனிச் சபை வேண்டும், வேண்டாம் என்று நாள்கணக்கில் கடையடைக்க நமக்கு முடிந்தது. ஒரு நாள் வியாபாரத்தின் இலாபத்தில் பத்து அலுமாரி வாங்கலாம். வைக்க இடம் இல்லையென்றால், 1995இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

ஒன்பது கொப்பிகளும் இப்போது என் படுக்கையறையில், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், வேப்பிலைக்கு நடுவே இருக்கின்றன. கடல் அரைக் கட்டைக்கு அப்பால். அடுத்த மாதம் நம்பிக்கையாளர் சபைக் கூட்டம். ஒவ்வொரு கொப்பியிலும் எந்தெந்தக் குடி என்று எழுதிய பட்டியலோடு போகிறேன். சபையில் இருக்கும் ஒவ்வொருவரின் மூத்தம்மாவின் பெயரும் எந்தப் பக்கத்தில் என்று குறித்துவைத்திருக்கிறேன். இருவருடையதை இன்னும் காணவில்லை. அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது.