மிதக்கும் மீன்தான் சாட்சியா?

தோழர்களே! "மீன் செத்து மிதக்கவில்லையே, ஆற்றில் மாசு எங்கே?" என்று கேட்போருக்குப் பாகான் டாலாமிலிருந்து பதில் சொல்கிறோம்.

பால்வெட்டும் தோழர்களும் கணக்கெழுதும் கிராணிமார்களும் அமோனியாவை அறிவோம். பால் உறைந்துவிடாமல் காக்க ஊற்றும் அந்த மருந்து கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும். ஆலைக் கழிவோடு அது ஆற்றில் கலந்தால் மீனின் கதி என்ன? மீனுக்குச் செவுளே மூச்சு. செவுளின் மெல்லிய உயிரணுக்கள் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, பிராணவாயு நுழையும் வழியை அடைக்கின்றன. செம்பு கலந்த கழிவோ, உடலின் உப்பைக் காக்கும் செவுள் அணுக்களையே முடக்குகிறது. மீன் நீந்திக்கொண்டுதான் இருக்கும். உள்ளே அழிவு தொடங்கியிருக்கும். மிதக்கும் பிணம் கடைசிச் சாட்சி!

நமக்கு எதிர்க்கரையில் பிறை தொழிற்பேட்டை. 1970ஆம் ஆண்டுகளில் ஆலைக் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து, கோலா ஜூரு மீனவரின் பிழைப்பைக் கெடுத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1978இல் ரப்பர் ஆலைக் கழிவுக்கென்றே தனி விதிகள் வந்தன.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? பிணத்தை எண்ணிப் பயனில்லை. செவுளைச் சோதியுங்கள், முடிவை மக்கள் முன் வையுங்கள் என்று கோருகிறோம். மீனவன் வலை வெறுமையானால் தொழிலாளியின் சட்டியும் வெறுமைதான்!