பையனைத் திட்டாதீர்கள்! கம்ப்யூட்டர் விளையாட்டு நடுவில் நிற்பது ஏன்?

கம்ப்யூட்டரில் விளையாட்டு நடுவில் நின்று விட்டால், முதல் திட்டு வீட்டுப் பையனுக்குத்தான் விழுகிறது.

"ராத்திரி பகலாக விளையாடி மெஷினைக் கெடுத்து விட்டாயே!" என்று அப்பா சத்தம் போடுகிறார். "சொன்னால் கேட்டால்தானே!" என்கிறார், அம்மா.

அடுத்த நாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போகிறது. "கார்டு போய் விட்டது. புதிது போட வேண்டும்" என்று கடையில் சொல்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவு!

இது அநியாயம். பல தடவை இந்தக் கோளாறைச் செய்வது 'டிரைவர்'. அதைச் சரி செய்யக் காசு வேண்டியது இல்லை.

எந்த டிரைவர்?

டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுகிறவர் என்று நினைத்து விடாதீர்கள். இது ஆள் அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு புரோகிராம்.

விளையாட்டுப் படங்களைத் திரையில் வரைவதற்கு என்றே ஒரு கார்டு உண்டு. அதற்கு 'கிராபிக்ஸ் கார்டு' என்று பெயர். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன. வேகமான விளையாட்டு என்றால், அத்தனை புள்ளிகளுக்கும் விநாடிக்கு 60 தடவை வண்ணம் போட வேண்டும்!

விளையாட்டு பேசும் பாஷை கார்டுக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவே நின்று, "இதை இப்படி வரை, அதை அப்படி வரை" என்று எடுத்துச் சொல்வதுதான் டிரைவரின் வேலை.

அந்தத் துபாஷி தப்பாகச் சொன்னால்? கார்டு திகைத்து நின்று விடும்.

விண்டோஸ் 2 விநாடி பொறுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் கார்டை உலுக்கி எழுப்பும். 2007-ல் விற்பனைக்கு வந்த 'விஸ்டா' முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அப்போது திரை ஒரு கணம் இருட்டாகும். கம்ப்யூட்டர் பிழைத்துக் கொள்ளும். விளையாட்டு மட்டும் செத்து விடும்.

கோர்ட்டில் வெளிவந்த கணக்கு

டிரைவர் மேல் வீண் பழி போடுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் கம்பெனி மீது ஒரு வழக்கு நடந்தது. அதில் அந்தக் கம்பெனியின் உள் கடிதங்கள் 2008-ல் வெளியே வந்தன. 2007-ல் பதிவான 'விஸ்டா' கோளாறுகளின் கணக்கு அதில் இருந்தது. கம்ப்யூட்டர் 100 தடவை நின்றது என்றால், சுமார் 29 தடவைக்குக் காரணம் என்விடியா கம்பெனியின் டிரைவர்கள்! அந்த 29 தடவையும் எத்தனை பையன்கள் திட்டு வாங்கினார்களோ?

2010 மார்ச் மாதத்தில் நடந்தது இன்னும் மோசம். என்விடியா '196.75' என்ற புதிய டிரைவரை வெளியிட்டது. அதைப் போட்ட சில கம்ப்யூட்டர்களில், கார்டைக் குளிர வைக்கும் விசிறி சரியாகச் சுற்றவில்லை. விளையாடும்போது கார்டு கொதித்தது. கம்பெனி அந்த டிரைவரை வாபஸ் வாங்கியது. "பழைய டிரைவருக்கே போங்கள்" என்று சொல்லியது.

பெரிய விளையாட்டு ஒன்று வெளிவந்தால், கூடவே புதிய டிரைவரும் வந்து விடுகிறது. விண்டோசும் சில சமயம் சத்தம் போடாமல் டிரைவரை மாற்றி விடுகிறது. வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற வருகிறவன், ஒரு வார்த்தை சொல்லி விட்டு மாற்ற வேண்டாமா? சொல்லாமல் மாற்றினால், மழை ஒழுகும்போது வீட்டுக்காரர் யாரைக் கேட்பார்?

புதிய டிரைவரே வேண்டாம் என்று இருந்து விடவும் முடியாது. பழைய ஓட்டைகளை அடைப்பதும் அதுதான். ஆனால் விளையாட்டு ஒழுங்காக ஓடும்போது, டிரைவர் வந்த அன்றே போட்டுக் கொள்ள வேண்டிய அவசரம் இல்லை. இரண்டு வாரம் பொறுத்தால், அது நல்லதா கெட்டதா என்பது ஊருக்கே தெரிந்து விடும்.

செலவு இல்லாத வைத்தியம்

விளையாட்டு நின்று விட்டதா? முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எந்தத் தேதியில் இருந்து?"

விண்டோசுக்குள் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்பது அதன் பெயர். எந்தத் தேதியில் எது மாறியது, எந்தத் தேதியில் எது நின்றது என்று அதில் வரிசையாக இருக்கும். 10-ந் தேதி டிரைவர் மாறி, 11-ந் தேதி முதல் விளையாட்டு நின்றால், திருடன் கிட்டத்தட்ட அகப்பட்டு விட்டான்!

பிறகு 'டிவைஸ் மேனேஜர்' என்ற இடத்துக்குப் போக வேண்டும். 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் கார்டின் பெயர் இருக்கும். அதைத் திறந்தால், 'டிரைவர்' என்ற பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பி வந்து விடும்.

பொத்தான் மங்கலாக இருந்தால், பழையது கைவசம் இல்லை என்று அர்த்தம். கார்டு கம்பெனியின் இணையதளத்தில் பழைய டிரைவர்களும் கிடைக்கும். கடன் கொடுத்தவர் பெயரை ஞாபகம் வைப்பது போல, ஒழுங்காக ஓடிய டிரைவரின் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொள்வது நல்லது.

அதற்கும் மசியவில்லை என்றால், உள்ளே தூசி அடைத்திருக்கலாம். மின்சாரம் போதாமல் இருக்கலாம். அதன் பிறகு ரிப்பேர் கடைக்குப் போகலாம்.

கம்ப்யூட்டரும் பொய் சொல்லும்!

திரையில் வரும் எழுத்தை அப்படியே நம்பி விடவும் கூடாது.

2024-ல் பல நாடுகளில் பெரிய விளையாட்டுகள் திடீர் திடீர் என்று நின்றன. "வீடியோ மெமரி போதவில்லை" என்று எழுத்து வந்தது. விளையாடியவர்கள் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மாட்டிக் கொண்டது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர்! இண்டெல் கம்பெனியின் 13-வது, 14-வது தலைமுறை பிராசசர்கள் சிலவற்றில், அளவுக்கு மேல் மின் அழுத்தம் பாய்ந்தது. இண்டெல் கம்பெனியே 2024 ஜூலையில் இதை ஒப்புக் கொண்டது. அடுத்த மாதம் திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கனவே கெட்டுப் போன பிராசசரை அந்தத் திருத்தம் பிழைக்க வைக்காது. அதனால் 3 ஆண்டு காரண்டியை 5 ஆண்டாக நீட்டினார்கள்.

2023-ல் அந்தப் பிராசசரை வாங்கியவருக்கு 2028 வரை காலம் இருக்கிறது. ஆனால் பில் கேட்பார்களே! அதை எந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறது என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.