1000 மில்லிகிராம் என்று நாம் வாங்குவது எதை?



புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் போதும், மீனெண்ணெய்க் குளிசை தேடி பார்மசிக்கு ஓடுகிறோம். பிள்ளைக்கு மூளை நன்றாக வேலை செய்யுமாம். கறிச் செலவைக் குறைத்தாவது வாங்குகிறோம்.

போத்தலில் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம். அது எண்ணெயின் நிறை மட்டுமே. நாம் காசு கொடுப்பது ஒமேகா-3க்கு. சாதாரணக் குளிசையில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120, மொத்தம் 300தான். பின்பக்கத்துச் சின்ன எழுத்தை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்?

மீனெண்ணெய் வெக்கையும் வெளிச்சமும் காற்றும் பட்டால் காறிப்போகும். கோது மூடியிருப்பதால் வாடையும் தெரியாது. வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் போத்தலை நல்ல சரக்கு என்று எப்படி நம்புவது? அந்தக் கோதின் ஜெலட்டின் மாடா, மீனா, பன்றியா? கேட்பதற்கு ஏன் வெட்கப்படுகிறோம்?

2023இல் பெருவில் எல் நினோவால் நெத்தலி மீன்பிடியின் முதல் பருவம் ரத்தானது. உலகம் முழுக்க மீனெண்ணெய் விலை ஏறியது. நல்ல எண்ணெய்க்கே தட்டுப்பாடு என்றால், மலிவு போத்தலுக்குள் இருப்பது என்ன?

அதிகாரிகள் கடைகளிலிருந்து போத்தல்களை எடுத்துச் சோதித்து, முடிவைப் பெயரோடு வெளியிட வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அதுவரை ஒரு கடையில் கேள்வி கேட்டு வாங்குவோம். இல்லையென்றால் கிழமைக்கு இரண்டு நாள் சாளைக் கறி வைப்போம். அதே ஈபிஏ, டிஎச்ஏ அதிலும் இருக்கிறது. காறினால் மூக்கே சொல்லும். குளிசை புள்ளி வாங்கித் தராது.