கபடியில் மரியாதை வேண்டாமா?



கபடி என்றால் எனக்கு உயிர். ஆனால் இந்தத் தடவை கபடியைப் புகழ்ந்து எழுதப் போவதில்லை. ஒரு குறையை எழுதுகிறேன். கோபப்படாமல் முழுசா படிங்க.

ஒரு அணி களத்தில் இறங்க 7 பேர் வேண்டும். எங்கள் பெண்கள் அணியில் பொங்கலுக்கு முன்பு 8 பேர் இருந்தோம். இப்போது 6 பேர். மற்ற ரெண்டு பேருக்கும் கை கால் ஒன்றும் உடையவில்லை. "அங்க பேசுற பேச்சைக் காது கொடுத்துக் கேக்க முடியல, இனிமே போகாத" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் நடத்திய போட்டியைப் பார்க்க எல்லாரும் போயிருந்தோம். கடைசி ஆட்டத்தில், பாடிப் போன அண்ணன் திரும்பி வந்து கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று தகராறு. அம்பயர் அவுட் கொடுத்தார். உடனே பத்து பேர் உள்ளே புகுந்து அவர் சட்டையைப் பிடித்தார்கள். அவருடைய அம்மாவை எல்லாம் இழுத்துத் திட்டினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் பி.டி. பீரியடில் நான் அம்பயராக நின்றேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னான். அவனுக்கு அர்த்தமே தெரியாது. கேட்டதைச் சொன்னான், அவ்வளவுதான்.

"கபடி வீர விளையாட்டு, அப்படி இப்படித்தான் இருக்கும்" என்பார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். மடக்கிப் பிடிப்பது வீரம். தனியா நிக்கிற ஒருத்தரைப் பத்து பேர் திட்டுறது எப்படி வீரம் ஆகும்?

கபடி விதியில் பச்சை அட்டை என்றால் எச்சரிக்கை. மஞ்சள் என்றால் 2 நிமிடம் வெளியே. சிவப்பு என்றால் ஆட்டத்தை விட்டே வெளியே. நம்ம ஊரில் அந்த அட்டைகளை நான் பார்த்ததே இல்லை.

2023இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப் போட்டியிலும் புள்ளித் தகராறு வந்தது. 28-28 என்று இருந்தபோது சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. பிறகு ஆடி முடித்து, ஈரானை இந்தியா 33-29 என்று வென்றது. அங்கே வீடியோ இருந்தது. நம்ம மைதானத்தில் அம்பயரின் கண்தான் கேமரா. அவரையும் விரட்டிவிட்டால் யார் வருவார்கள்?

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. போன வருஷம் குறுவட்டப் போட்டியில், பாடி வந்த பிள்ளையின் விரல் என் முழங்கையில் பட்டது. அம்பயர் பார்க்கலை. நான் வெளியே போகலை. நாங்கள் ஜெயித்தோம். அந்தப் பிள்ளை "பட்டுச்சு சார், பட்டுச்சு சார்" என்று அழுதுச்சு. அவர்கள் ஊர்க்காரர்கள் திட்டியது அம்பயரை. தப்பு செய்தது நான்.

அதனால் என் கருத்து இதுதான். பட்டால் நாமே கையைத் தூக்கிட்டு வெளியே போகணும். வெளியில் இருந்து யாராவது திட்டினால், அவர் போகும் வரை ஆட்டத்தை நிறுத்தணும். முடிந்ததும் இரண்டு அணியும் அம்பயருக்குக் கை கொடுக்கணும்.

வர்ற சனிக்கிழமை அந்த ரெண்டு பேர் வீட்டுக்கும் போய்க் கேட்கப் போகிறோம். அண்ணன்மார்களே, நீங்கள் வாயை அடக்கினால் எங்களுக்கு ஏழாவது ஆள் கிடைப்பாள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி